லிஃப்டில் நுழையாத ஸ்ட்ரெச்சர்

மூன்று வருடம் ஆகிறது. ஆடி மாதம், வெள்ளிக்கிழமை காலை. பெரம்பலூரில் என் மகன் வாங்கிய அடுக்குமாடி வீட்டில், இரண்டாவது மாடியில் குடியிருந்தோம். சிறுவாச்சூர் கோயிலுக்குப் போகச் சட்டை மாட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், பொத்தானைப் பிடித்தபடியே கட்டிலில் சரிந்தார். வாய் கோணிக்கொண்டது. வலது கை தொங்கிப்போனது.

ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது, அதைக் குறை சொல்ல மாட்டேன். அவரைப் படுக்கவைத்த ஸ்ட்ரெச்சரை லிஃப்டுக்குள் தள்ளினார்கள். பாதிதான் போனது. சரி, படியில் இறக்கலாம் என்றால், படி திரும்புகிற இடத்தில் சுவரில் முட்டி நின்றுவிட்டது. திரும்ப மேலே ஏற்றி, போர்வையில் போட்டு, நான்கு பேர் நான்கு முனையைப் பிடித்துத் தூக்கினார்கள். நடுவில் ஒருவர் கை நழுவ, என் வீட்டுக்காரர் இடுப்பு படியில் இடித்தது. அவருக்குக் கத்தவும் வாய் வரவில்லை. பின்னால் இறங்கிக்கொண்டிருந்த நான்தான் கத்தினேன்.

"ஏம்மா இவ்வளவு லேட்டு?" என்றார் டாக்டர். என்ன சொல்ல? வீட்டிலிருந்து வாசலுக்கு வரவே அவ்வளவு நேரம் ஆனது என்றால் யார் நம்புவார்கள்? உயிர் பிழைத்தார். பேச்சு திரும்பவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து, எங்கள் கட்டடத்தைக் கட்டி விற்ற முதலாளி, பக்கத்து மனையில் இன்னொரு கட்டடம் எழுப்புவதாகச் சொல்லிக் கூட்டம் போட்டார். எங்கள் கட்டடத்துக்கு வரைபடம் போட்ட அதே சென்னைக் கம்பெனிதான் இதற்கும். கார் நிறுத்துகிற இடத்தில் நாற்காலி போட்டு, திரை கட்டிப் படம் காட்டினார்கள். புதிதாக வாங்க வந்தவர்களும் நாங்களும் உட்கார்ந்திருந்தோம். கண்ணாடி பால்கனி, பூச்செடிக்குத் தனி மாடம், முகப்பில் விளக்கு. ஒருவர் எதிர்த்தெருக் கட்டடத்தைக் காட்டி, திருச்சிக் கம்பெனிதான் அழகாகப் போடுகிறது என்றார். கீழ்வீட்டு வாத்தியார் விடவில்லை. "அது பொட்டி மாதிரி இருக்குங்க. முகப்பு அழகு, எலிவேஷன்னா இவங்கதான்" என்றார். எந்தக் கம்பெனி உசத்தி என்று ஒரு மணி நேரம் வாதாடினார்கள். வெளியே நின்று பார்க்கிறவன் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்பதுதான் பேச்சு. உள்ளே இருக்கிறவனைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தவள். செந்துறைப் பக்கமும் அரியலூரிலும் முப்பது வருடம் சித்தாள் வேலை பார்த்தேன். சாந்துச் சட்டியைத் தலையில் வைத்து ஏறாத படியில்லை. திரும்புகிற இடத்தில் சதுரமாக மேடை விட்டால் நல்ல படி. இடம் மிச்சம் பிடிக்க அங்கேயும் முக்கோணமாகப் படி வைத்தால் கெட்ட படி. இது என் காலுக்குத் தெரியும். மகன் வீடு பார்க்கக் கூட்டிப்போன அன்றே இந்தப் படியும் என் காலுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் கூடவே சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டால் சித்தாள் கதையைச் சொல்ல வேண்டுமே என்று வாயை மூடிக்கொண்டேன்.

அந்தக் கூட்டத்தில் எழுந்து நின்றேன். மகன் முந்தானையைப் பிடித்து இழுத்தான். தட்டிவிட்டேன்.

"தம்பி, இந்தக் கட்டடத்துல படுத்திருக்கிற மனுசனை எப்படிக் கீழ கொண்டாறது?" என்று படம் காட்டிய என்ஜினீயரிடம் கேட்டேன்.

"ரூல்ஸ்படி அகலம் சரியாதான் இருக்கும்மா" என்றார்.

வாத்தியார் சிரித்தார். "ஏம்மா, அவரு டிசைனைப் பத்திப் பேசிட்டிருக்காரு. எலிவேஷன்னா உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. நான் சித்தாளு. ஏறி எறங்கத்தான் தெரியும்."

மகன் தலையைக் குனிந்துகொண்டான். குனியட்டும் என்று விட்டேன். மூலையில் சாரப் பலகை ஒன்று கிடந்தது. ஆள் நீளம்தான் இருக்கும். அதைக் காட்டி, "படுங்க தம்பி. மாடியிலேருந்து நாலு பேரு தூக்கிட்டு எறங்கட்டும். எறங்கிட்டீங்கன்னா நான் இனி வாயே தொறக்கல" என்றேன்.

அவர் சுற்றிலும் பார்த்தார். எல்லாரும் அவரையே பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் வந்து, முதல் மாடியில் பலகையில் படுத்தார். ஏழாவது படியில் பலகை சுவரில் முட்டியது. செங்குத்தாக நிமிர்த்தினார்கள். அவர் வழுக்கிக்கொண்டே வந்து கைப்பிடிக் கம்பியைக் கட்டிப்பிடித்து, "போதும், எறக்குங்க, எறக்குங்க" என்று அலறினார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கு இரண்டு கையும் இருந்தன, பிடித்துக்கொண்டார்.

சட்டையைத் தட்டிக்கொண்டு என்னிடம் வந்து, "சாரிம்மா" என்றார்.

"என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? மேல படுத்திருக்காரு. அவருகிட்ட சொல்லுங்க."

போனார். கட்டில் அருகே நின்று என்னவோ மெதுவாகச் சொன்னார். என் வீட்டுக்காரர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரால் அவ்வளவுதான் முடியும்.

புதுக் கட்டடத்தில் படிக்குச் சதுர மேடை வைத்துவிட்டார்கள், லிஃப்டும் பெரியது. எங்கள் கட்டடத்தை இனி யார் இடித்துக் கட்டுவது? ஒவ்வொரு முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் இன்றைக்கும் நாலு பேரைத் தேடுகிறோம்.

படம் போட்டவனை ஊர் நடுவில் நிறுத்திக் கேட்டுவிட்டேன். அந்தப் படி கெட்ட படி என்று தெரிந்தும் கௌரவத்துக்காக நான் வாயை மூடியிருந்ததை மட்டும், என் வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் திட்டக்கூட அவருக்கு வாயில்லை என்பதுதான் தினமும் என்னை அறுக்கிறது.