கதவின் உட்புறம்

எட்டாவது மாடியில் மூச்சு வாங்கியது. லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை.

"மேல போயாச்சா மொட்டமாடி அக்கா?" போனில் கண்காணிப்பு அறைக்காரன் விடவில்லை.

பதினெட்டு வருடமாக மொட்டைமாடி மொட்டைமாடியாக ஏறி செல்போன் டவர்களைப் பார்த்துக்கொள்பவள். அதனால் அந்தப் பெயர். முன்பு பேட்டரி திருடனுக்குத்தான் பயப்பட வேண்டும். பெரிய பூட்டாகப் போட்டால் போதும். ஃபைவ் ஜி பெட்டிகள் வந்த பிறகு திருடன் படியேறுவதில்லை, இன்டர்நெட் வழியாக வருகிறான்.

"எவனோ உள்ள புகுந்திருக்கான்க்கா. சோதனைக் கணக்கோட பாஸ்வேர்டை ஒரே தடவையில சரியாப் போட்டிருக்கான். எப்படி?"

எப்படியென்று அவளுக்குத் தெரியும். காலையில் பெட்டியைத் திறந்து வைத்து, பக்கத்தில் நின்று படம் எடுத்துப் புருஷனுக்கு அனுப்பியிருந்தாள். கதவின் உட்புறத்தில், மறக்காமலிருக்க, பாஸ்வேர்டை மார்க்கரில் எழுதியிருந்தாள். அவர் பெருமை தாங்காமல் படத்தை ஃபேஸ்புக்கில் ஊர் பார்க்கப் போட்டுவிட்டார்.

புருஷனைக் கூப்பிட்டாள். "அந்தப் படத்தை எடுங்க."

"ஏம்மா? நூத்திப் பன்னெண்டு லைக்கு! நல்லாத்தானே இருக்க?"

"என் மூஞ்சியை எவன் பார்த்தான்? எடுங்க முதல்ல!"

லேப்டாப்பைச் செருகிச் சோதனைக் கணக்கை அழித்தாள். பெட்டியை நிறுவிய அன்றே அழித்திருக்க வேண்டியது. அடுத்த பழுதுக்கு உதவுமென்று விட்டு வைப்பாள்.

மறுபடி போன். "போயிட்டான்க்கா. தப்பிச்சோம். மூடிட்டு வாங்க."

மூடலாம். யாரும் கேட்கப்போவதில்லை. கட்டைவிரலால் எழுத்தைத் தேய்த்தாள், போகவில்லை. மகளின் காலேஜ் இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. இந்த வேலையை விட்டால் வேறு தெரியாது.

"தம்பி, போனை வெச்சிடாத."

"சொல்லுங்க."

"இன்னும் நாப்பது பெட்டியில இதே பாஸ்வேர்டுதான். நான்தான் வெச்சேன்."



"விளையாடாதீங்கக்கா."

"லிஸ்ட் அனுப்பறேன். வெளியிலேருந்து வர்ற வழியை எல்லாத்துக்கும் அடைச்சிடு. அப்புறம் மேலிடத்துல சொல்லு."

மறுநாள் ஒன்பது மணிக்கு விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தாள். லேப்டாப்பை வாங்கிக்கொண்டார்கள். பெட்டிகளைக் காட்ட இன்னொரு டெக்னீஷியனுடன் அவளை அனுப்பினார்கள். மாலைக்குள் பதினேழு முடிந்தன. அவன் சோதனைக் கணக்குகளை அழித்தான். அவள் பெயின்ட் தின்னரில் துணியை நனைத்துக் கதவுகளைத் துடைத்தாள். இரண்டு பெட்டிகளில் ஏற்கெனவே யாரோ அந்தப் பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே வந்து போயிருந்ததாக அவன் சொன்னான். அவள் வேலை இருக்குமா என்று திங்கட்கிழமை சொல்வார்களாம்.