ரெயில் வராத வளவு

ரெயில் மட்டக்களப்போடு நின்றுவிடும். அதைக் கல்முனை வரை நீட்டுவோம், அங்கிருந்து ஆற்றோரத்து அரிசி ஆலைகளுக்கு ஒரு கிளைப் பாதையும் போடுவோம் என்று தேர்தல் தவறாமல் யாராவது வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். நாங்களும் வாயைப் பிளந்து கேட்போம். ஒரே ஒரு முறை நில அளவையாளர்கள் மெய்யாகவே வந்தார்கள். ஆலை முதலாளிகள் அவர்களுக்குப் புரியாணி கொடுத்துக் கொண்டாடினார்கள். அளக்க வந்தவர்கள் பாதை போகும் வழி நெடுகச் சிவப்புப் பூசிய கற்களை வரிசையாக நட்டார்கள். அதில் இரண்டு எங்கள் வளவுக்குள் விழுந்தன.

அது எனக்கு வீடு கட்ட வாப்பா வாங்கிய வளவு. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்தால்தான் கல்யாணம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். எனக்குக் கல்யாணப் பேச்சுக்கால் முடிந்து, அத்திவாரம் வெட்ட ஆளும் சொல்லியாயிற்று. கல்லைப் பார்த்துவிட்டு வந்து படுத்த வாப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த கிழமை உம்மாவின் தம்பி, என் மாமா, வந்தார். ஆலைகளுக்கு நெல் ஏற்றிக் கொடுக்கிறவர். அளவையாளர்களோடு கூடவே திரிந்தவர்.

"ரெயில் போற வளவில ஊடு கட்ட ஏலுமா மச்சான்? நட்டஈடு வாறத்துக்குள்ள புள்ளைக்கு வயசு போயிரும். அந்தக் கரைச்சல எனக்குத் தாங்க. பள்ளத்தில கிடக்கிற என்ட வளவ நீங்க எடுங்க. ராத்தாட புள்ள எனக்குப் புள்ள இல்லையா?"

உம்மா அழுதேவிட்டார். பெண்ணின் கல்யாண விஷயத்தில் தாய்மாமன் சொல்லைத் தட்டுகிற வீடு எங்கள் ஊரில் இல்லை. வளவுகளை மாற்றி எழுதினோம்.

வீடு எழும்பியது, கல்யாணமும் நடந்தது. முதல் மாரியிலேயே குசினிக்குள் தண்ணீர். ஒவ்வொரு மாரிக்கும் நெல் மூட்டையைக் கட்டிலில் ஏற்றிவிட்டு, கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, மாமா இல்லாவிட்டால் இந்தக் கூரையும் இல்லையே என்று மனதைத் தேற்றிக்கொள்வேன். மடச்சி!

ரெயில் வரவில்லை. கற்களைப் பிடுங்கி எறிந்துவிட்டு மாமா அங்கே தன் மகளுக்கு மாடி வீடு கட்டினார். அப்போதும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. ரெயில் வராதது அவர் குற்றமா? குடிபோன அன்று அந்த மகள், என் மச்சி, கையைப் பிடித்து அறை அறையாகக் காட்டினாள்.

"ரெயில் வந்தாலுமெண்டு பயமில்லையா மச்சி?" என்றேன்.

அவள் சிரித்தாள். "நீங்க வளவு மாத்த முந்தியே பாதை ஆத்துக்கு அங்கால மாறிட்டே! அளக்க வந்தவங்க எங்கட வாப்பாட்டச் சொன்னாங்களாம். உங்களுக்குத் தெரியாதா?"

அவள் தந்த வட்டிலாப்பத்தைத் தின்னாமலே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அரசாங்கம் ஏமாற்றினால் அடுத்த தேர்தல் வரை வாய் நோகத் திட்டலாம். தாய்மாமன் தலையில் மிளகாய் அரைத்தால் எங்கே போய்ச் சொல்வது? இதைக் கேட்காமலே வாப்பா மௌத்தாகிப் போய்ச் சேர்ந்தார், அது ஒன்றுதான் ஆறுதல். உம்மாவிடம் சொன்னேன்.

"கதைய உட்டுரு புள்ள," என்றார் உம்மா. "என்ட தம்பிய உட்டா எனக்கு ஆரு இருக்கா?"

மாமா செய்ததைவிட அதுதான் எனக்கு வலித்தது.

போன மாரியில் வெள்ளம் இடுப்புக்கு வந்தது. காலையில் உம்மாவையும் பிள்ளைகளையும் உழவு மெஷினில் ஏற்றிக்கொண்டு மேட்டுக்குப் போனோம். பக்கத்தில் மேடு என்றால் அந்த வளவுதான். மாமா வாசலுக்கு வந்து சின்னவனைக் கையில் வாங்கினார்.

"ஏன் புள்ள வெளிய நிக்காய்? உன்ட ஊடு மாதிரி நினைச்சிக்க."

"நினைக்க என்ன மாமா இருக்கு? இது என்ட வளவுதானே. ரெயில் வராதெண்டு தெரிஞ்சுதானே வாங்கினீங்க?"

மாமா பிள்ளையின் தலையைத் துடைத்துக்கொண்டே நின்றார். உம்மா என் கையை அழுத்திக் கிள்ளினார்.

"வாயப் பொத்து. மழைக்க நிக்கிறம்."

நனைந்த சேலையோடு உள்ளே போனேன். வேறு போக்கிடம் இல்லை.