ரிஸானா சொன்ன ‘வென்ட்’

கண்டி டவுனில் சனிக்கிழமைகளில் பெரியவர்களுக்கு நான் இங்கிலீஷ் வகுப்பு எடுப்பது உங்களுக்குத் தெரியும். போன மாதம் ‘இஃப்’ பாடம். வழக்கமாக எல்லோரும் கொட்டாவி விடும் பாடம்… அன்று ஒருவரும் விடவில்லை.

தமிழில் நமக்குக் கவலையே இல்லை. ‘போனால்’ — ஒரே சொல். பெட்டி கட்டியவரும் சொல்லலாம், போகும் எண்ணமே இல்லாதவரும் சொல்லலாம். இங்கிலீஷ் விடுமா? ‘இஃப் வீ கோ’ என்றால் போகும் வாய்ப்பு நிஜமாகவே இருக்கிறது. ‘இஃப் வீ வென்ட்’ என்றால் சும்மா கற்பனை. சொல்பவருக்கே அதில் நம்பிக்கை இல்லை.

திகனயிலிருந்து வரும் இம்தியாஸும் ரிஸானாவும் கணவன் மனைவி. இம்தியாஸின் நானா, அதாவது அண்ணன், கனடாவில் இருக்கிறார். அவர் கூப்பிட்டதால் விசா வேலை நடக்கிறது. இங்கிலீஷும் அதற்காகத்தான்.

ஆளுக்கொரு வாக்கியம் கேட்டேன். கனடா போனால் வீடு வாங்குவோம் என்றார் இம்தியாஸ். ‘இஃப் வீ கோ’ — சுத்தமான இங்கிலீஷ்.

அடுத்து ரிஸானா. கனடா போனால் என் வகுப்பை இழந்துவிடுவேன் என்றார். வீட்டில் அவர் நடத்தும் தையல் வகுப்பைச் சொன்னார். ஆனால் அவர் வாயில் வந்தது ‘இஃப் வீ வென்ட்.’

நீங்கள்தான் போகப் போகிறீர்களே, ‘கோ’ என்று சொல்லுங்கள் என்று திருத்தினேன். ரிஸானா உட்காரவில்லை.

“பிழையா செல்லல்ல மிஸ். யோசிச்சுத்தான் வென்ட் போட்டேன்.”

இம்தியாஸ் திரும்பிப் பார்த்தார். “இத ஏன் என்கிட்ட செல்லல்ல?”

“எப்ப போறதெண்டுதான் கேட்டீங்க. போவமாண்டு கேக்கல்லயே.”

நான் அவசரமாகப் பலகையை அழித்தேன்.

அதன்பிறகு இருவரும் வரவில்லை. ஒரு குடும்பத்தைக் குழப்பிவிட்டேனோ என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்…

போன சனிக்கிழமை வந்தார்கள். இம்தியாஸ் முதலில் கோபத்தில் பேசாமல் இருந்தாராம். பிறகு ஒருநாள் தன் கடையைச் சீக்கிரமாகச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய், மனைவியின் தையல் வகுப்பை வாசலில் நின்று பார்த்திருக்கிறார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை. கத்தரிக்கோலும் கையுமாக, குரலை உயர்த்திச் சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொடுக்கும் ஒரு ரிஸானாவை அவர் அதுவரை பார்த்ததே இல்லையாம். அன்றைக்கே நானாவுக்கு போன் போட்டு, வரவில்லை என்று சொல்லிவிட்டார்.

வருத்தமில்லையா என்று கேட்டேன்.

“கவலதான் மிஸ். ஆனா இவவ அழ வச்சிக் கூட்டிட்டுப் போய், அங்க நான் என்ன வாழ்க்க வாழுற?”

ரிஸானா பக்கத்துக் கதிரையை இழுத்து அவர் உட்காரப் போட்டார்.

வீட்டில் ‘எப்போது?’ என்று கேட்பதற்கு முன் ‘விருப்பமா?’ என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்… அதற்கு இங்கிலீஷ் வகுப்பு தேவையில்லை!