கழுவக் கூடாத பஞ்சு

அந்தச் சுகாதார ஆய்வாளருக்குச் சமையல்காரர்கள் வைத்த பெயர் மூக்கர். அவர் மூக்கைச் சுருக்கினால் மூன்று தெருவுக்கு அப்பால் இருக்கும் சமையல்காரனும் கை கழுவுவான் என்று பேச்சு. இருபத்தாறு வருடமாக ஊரார் அடுப்படியில் எண்ணெய்ப் பிசுக்கையும் கரப்பான் எச்சத்தையும் முகர்ந்து முகர்ந்து, அந்த மனிதருக்கு உலகமே கழுவாத பாத்திரமாகிவிட்டது.

அப்படிப்பட்டவர் வீட்டுக் கூடத்தில் அவர் மனைவி ஒரு கண்ணாடித் தொட்டி வைத்துக் குட்டி இறால் வளர்த்தாள். நகக்கண் அளவில், சிவப்பும் வெள்ளையுமாக வரி போட்டவை, பத்துப் பன்னிரண்டு. சமைக்கிற ரகமல்ல, பார்க்கிற ரகம். அவை அழகு என்பதை அவரும் மறுக்கவில்லை. தின்பதைத்தான் காணச் சகிக்கவில்லை. ஊறி அழுகிய இலை, கண்ணாடியில் படிந்த வழவழப்பு, தாங்களே உரித்துப் போட்ட சட்டை, எல்லாம் உள்ளே போகும். கூட்டத்தில் ஒன்று செத்தால் சுற்றி உட்கார்ந்து, அதையும் இரண்டு கையால் மாற்றி மாற்றி வாயில் போட்டுக்கொள்ளும். தொட்டிக்கு முதுகைக் காட்டித்தான் மூக்கர் சாப்பிட உட்காருவார்.

மனைவியின் அக்காவுக்குக் கண் ஆபரேஷன் வந்தது. பத்து நாள் துணைக்குக் கிளம்பியவள், பெட்டியோடு வாசலில் நின்று ஒன்றே ஒன்று கேட்டாள்.

"தாய் இறால் வயித்துல முட்டை இருக்குங்க. இதுக்கு முன்னாடி ரெண்டு தடவை உதிர்ந்துபோச்சு. இந்தத் தடவையாச்சும் பொரிக்கணும். நீங்க ஒண்ணும் செய்ய வேணாம், சும்மா இருந்தாப் போதும்."

சும்மா இருப்பது லேசான காரியமா? மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். நான்காம் நாள், தொட்டித் தண்ணீரை வடிகட்டும் பஞ்சு கண்ணில் பட்டது. வருடக்கணக்காகப் பிழியாத தரைத்துணிபோலக் கறுத்து, சளி கட்டிக் கிடந்தது. அதன்மேல் தாய் இறால் சாவகாசமாக மேய்ந்துகொண்டிருந்தது. பிள்ளைத்தாய்ச்சி உட்காருகிற இடமா இது என்று அவருக்குக் குமட்டியது. இறாலை விரட்டிவிட்டுப் பஞ்சைப் பிடுங்கிக் கொதிநீரில் போட்டு, ஏழு தண்ணீர் அலசித் திரும்ப வைத்தார். அன்றைக்குத்தான் அவருக்குச் சோறு இறங்கியது.

மறுநாள் காலை மூன்று இறால் மல்லாந்து கிடந்தன. மற்றவை தலைதெறிக்கச் சுற்றின. வளர்ப்பு மீன் கடைக்காரருக்குப் போன் போட்டார். அந்த அழுக்கில்தான் தண்ணீரின் நஞ்சைத் தின்னும் கிருமிகள் குடியிருந்தன என்று விளக்கிவிட்டு, "காவக்காரனை வெந்நீர் ஊத்திக் கொன்னுட்டீங்களே சார்" என்றார் அவர். பாதித் தண்ணீரை மாற்றி, நாள்பட்ட தொட்டியில் ஊறிய பஞ்சு ஒன்றை உடனே கொண்டுவந்து வைக்கச் சொன்னார். தன் கடைத் தொட்டிகளில் மீனுக்கு மருந்து ஊற்றியிருப்பதால் அங்கே உள்ளது இறாலுக்கு ஆகாதாம்.

நாள்பட்ட தொட்டி மூக்கருக்குத் தெரிந்து ஒன்றுதான். கடைத்தெரு உணவகத்தின் முகப்பில், உள்ளே மீன் இருக்கிறதா என்றே தெரியாத பச்சைத் தொட்டி. ஏழு நாளில் கழுவாவிட்டால் அபராதம் என்று போன வாரம் எழுதிக் கொடுத்தவரே அவர்தான். தண்ணீரை மாற்றிவிட்டு விழுந்தடித்து ஓடினார். உணவக முதலாளி வாளியும் நாருமாகத் தொட்டியருகே நின்றார்.

"கழுவாதீங்க" என்றார் மூக்கர், மூச்சிரைக்க.

"கழுவச் சொன்னது நீங்கதானே சார்?"

"இப்ப வேணாங்கிறேன்."

முதலாளி நாரைக் கீழே வைக்கவில்லை. "அப்ப அதையும் எழுதிக் குடுத்துருங்க."

சமையல்காரர்கள் கரண்டியோடு வெளியே வந்து வேடிக்கை பார்த்தார்கள். தொட்டியின் அழுக்கு மறு உத்தரவு வரை அப்படியே இருக்கலாம் என்று மூக்கர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். தொட்டியிலிருந்து பிடுங்கிய பஞ்சை வைக்க வேறு பாத்திரம் இல்லை. தன் சாப்பாட்டு டப்பாவைக் காலி செய்து, அந்தச் சொதசொதப்பை அதற்குள் அமுக்கினார். பஸ்ஸில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவர் எழுந்து முன்னால் போய் நின்றுகொண்டார். மூக்கர் வாயால் மூச்சு விட்டார். அழுகிய முட்டையை நக்கியதுபோல நாக்கும் கசந்தது. வீட்டுக்கு வந்து பஞ்சைத் தொட்டியில் இறக்கியதும் இரண்டு தடவை வாந்தி எடுத்தார்.

மனைவி திரும்பி வந்தபோது இன்னொன்றும் போயிருந்தது. தாய் இருந்தது. பஞ்சின் சளிமேல் கடுகைவிடச் சிறிய குஞ்சுகள் ஊர்ந்தன.

"இது நம்ம பஞ்சு இல்லையே" என்றாள் அவள்.

கொதிநீரிலிருந்து பஸ் வரை ஒன்று விடாமல் ஒப்பித்தார். செத்தது நாலு என்பதையும் சொன்னார். அவள் குனிந்து குஞ்சுகளை எண்ணிப் பார்த்தாள்.

"அந்த டப்பா எங்க?"

"குப்பையில போட்டுட்டேன்."

நாலு இறாலுக்கு வராத கோபம் அப்போது வந்தது. "நல்ல எவர்சில்வர் டப்பாங்க அது. கழுவி வச்சா என்ன?"

கழுவினால் போகிற அழுக்கல்ல அது என்றார் மூக்கர். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு குப்பைமேட்டைக் கிளறப் போனாள்.