காலால் தள்ளிய உப்பு

தென்காசிச் சந்தையில் எனக்கு உப்புக் கடை. யுத்தம் நடந்த சமயம், தூத்துக்குடிப் பக்கத்து வண்டிக்காரர் ஒருவர் எட்டு மூட்டை உப்பு கொண்டுவந்தார். பிரித்துப் பார்த்தேன். கல் உப்பில் இளஞ்சிவப்பு ஓடியிருந்தது.

“ஏன்வே, செம்மண்ணைக் கலந்து எங்கிட்டயா விக்க வாரீரு?” என்றேன், சந்தைக்கே கேட்கும்படி.

“இல்ல அண்ணாச்சி. உப்பு விளையுத நேரம் பாத்தித் தண்ணியே செவந்துதான் கெடக்கும். ஒரு பிடி கரைச்சுப் பாருங்க. மண்ணுன்னா அடியில தங்கும்லா.”

நான் மூட்டையைக் காலால் தள்ளினேன். உப்பில் கால் படவிடுகிறவர் எங்கள் ஊரில் கிடையாது. அவர் சிதறியதைக் கையால் அள்ளிக் கட்டினார். அன்று எந்தக் கடையிலும் அவர் உப்பை வாங்கவில்லை.

மறு கோடையில் ஒரு கல்யாணத்துக்குத் தூத்துக்குடி போனேன். ஊருக்கு வெளியே உப்புப் பாத்திகள் பன்னீர் ரோஜா நிறத்தில் கிடந்தன. கூட வந்த பள்ளிக்கூட வாத்தியார் சொன்னார்: “வெயில்ல தண்ணி சுண்டச் சுண்ட உப்பு ஏறுதுல்லா, அந்த உப்புலதான் வாழுத, கண்ணுக்குத் தெரியாத உயிருங்க பெருகுது. அதோட நிறம்தான் இது.”

அந்த வண்டிக்காரர் வந்த அன்று, என் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு செம்பு நிறையச் சிற்றாற்றுத் தண்ணீர் இருந்தது. ஒரு பிடி போட்டுப் பார்த்திருக்கலாம்.