பக்கத்து வீட்டுக்குப் போன கிரைண்டர்

புதன்கிழமை காலை, மணி ஒன்பது ஐந்து. பக்கத்து வீட்டு இரும்புக் கதவைப் பூட்டும் சத்தம் கேட்டது. வினை அங்கேதான் தொடங்கியது... நானோ சோபாவுக்குப் புது உறை மாட்டிக்கொண்டிருந்தேன்!

என் மகள் தர்ஷினி தம்போய் பகுதியில் ஓர் அடுக்குமாடி வீட்டில் தோசை மாவு அரைத்து விற்கிறாள். மருமகன் ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்கிறார். அந்தச் சம்பளம் வாடகைக்கே சரி. பழைய கிரைண்டரின் மோட்டார் இப்போதெல்லாம் தீய்ந்த வாடை விடுகிறது. பெரிதாக ஒன்று வாங்க, அரசாங்கத்தின் சிறுதொழில் கடனுக்கு மனுச் செய்திருந்தாள். அதிகாரி அன்று வீட்டுக்கு வந்து தொழிலைப் பார்ப்பது மட்டும்தான் பாக்கி.

நான் முந்தின நாளே என் ஊர் லாபிஸிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டேன் — உதவத்தான்!

அவள் பிள்ளையைப் பள்ளியில் விடப் போனதும் ஹாலைப் பார்த்தேன். நடுவில் கிரைண்டர். சுவரோரம் அரிசி மூட்டை, இரவு அரைத்த மாவு வாளிகள். தரையெல்லாம் வெள்ளைச் சொட்டுகள். கடன் கொடுக்க வருகிறவர் இதையா பார்ப்பது? பக்கத்து வீட்டு மலாய் அம்மா ரோஸைக் கூப்பிட்டேன். இருவருமாக இழுத்து, எல்லாவற்றையும் அவர் வீட்டுக்குள் வைத்தோம். தரையைத் துடைத்தேன். சாம்பிராணி போட்டேன். பெண் பார்க்க ஆட்கள் வரும் வீடு மாதிரி ஆகிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் தர்ஷினி அதிகாரியுடனே படியேறி வந்தாள். நம்மவர்தான், தமிழ்ப் பெண், சாந்தமான முகம். உள்ளே வந்தவர் சுற்றிலும் பார்த்தார். சமையலறையை எட்டிப் பார்த்தார்.

"வீடு ரொம்ப சுத்தமா இருக்கு அங்கிள். மாவு எங்க அரைக்கிறீங்க?"

தர்ஷினி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... "அப்பா, மெஷின் எங்கப்பா?"

சொன்னேன். ஓடிப் போய்ப் பார்த்தாள். பூட்டு! ரோஸ் வேலைக்குக் கிளம்பிவிட்டார். ஃபேக்டரிக்குள் போன் எடுக்க விடமாட்டார்கள்.

அதிகாரி கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "பக்கத்து வீட்ல இருக்குன்னு நிறைய பேர் சொல்றாங்க அங்கிள். நான் கண்ணால பார்த்ததைத்தான் எழுத முடியும்" என்று சொல்லிப் பேனாவை மூடினார். தொழிலே இல்லாமல் கடன் கேட்பவர்களை அவர் எத்தனை பேர் பார்த்திருப்பாரோ! அந்த வரிசையில் என் மகளை நானே கொண்டுபோய் நிறுத்திவிட்டேன். கடன் நின்றால் புது கிரைண்டர் இல்லை. பழையது இன்னும் எத்தனை நாள் ஓடும்?

நம் வீடுகளில் இது ஒரு பழக்கம். யாராவது வருகிறார்கள் என்றால் உழைப்பின் தடயத்தைத்தான் முதலில் மறைக்கிறோம். ஈர வாளி அசிங்கம், மூட்டை அசிங்கம். ஏன்? நகையோ நிலமோ இல்லாத குடும்பத்துக்கு அந்த மாவுச் சொட்டுகள்தானே ஜாமீன்? நான் அதைத்தான் பினாயில் ஊற்றித் துடைத்திருந்தேன். ஆனால் ஒன்று — என்மேல் எத்தனை சந்தேகம் வந்தாலும், தர்ஷினியின் மாவின்மேல் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. நல்ல சரக்கைத் தேடி ஆள் வரத்தான் செய்யும்.

வந்தது. அதிகாரி செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது, மூச்சு வாங்கிக்கொண்டு படியேறி வந்தார் காசிம் பாய். தெருமுனையில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். இரண்டு கையிலும் காலி வாளிகள். அதிகாரியை அவர் கவனிக்கவே இல்லை.

"என்னா தங்கச்சி, கல்லு காஞ்சி கெடக்கு, மாவு எங்க? ஆளுங்க தோசை தோசைன்னு உசுர எடுக்குறாங்க. நேத்து மாவுலயும் புளிப்பு பத்தல, சொல்லிட்டேன்."

அதிகாரி பேனாவை மறுபடி திறந்தார். "தினமும் இவங்ககிட்டதான் வாங்குறீங்களா பாய்?"

பாய் அப்போதுதான் அவரைப் பார்த்தார்.

"வேற எங்க போறது? தினமும் சண்ட போட்டுக்கிட்டே இந்தப் புள்ளகிட்டதான் வாங்குறேன்லா."