வெள்ளிக்கிழமை கேட்ட உப்பு

எழுபத்தி இரண்டாம் வருஷம், சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்த நேரம். ஒரகடத்துக்கும் வடக்குப்பட்டுக்கும் நடுவில் எனக்கு ஒரு வீடு இருந்தது. நானே கட்டியது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, மண் சட்டி தூக்கி, கொத்தனார் கரண்டி பிடித்து, காண்டிராக்டர் ஆனவன் நான். படப்பையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் அந்தக் காலத்து மெத்தை வீடுகளில் பாதி என் கை பட்டவை. படித்த இஞ்சினியர்களே என்னிடம் சந்தேகம் கேட்டுவிட்டுப் போவார்கள். தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், நடந்ததைத்தான் சொல்கிறேன்.

அந்த வீட்டுக்கு ஒரு ஜெர்மன்காரர் வாடகைக்கு வந்தார். மெட்ராஸில் ஒரு தொழிற்சாலையில் மெஷின்களைப் பார்த்துக்கொண்டிருந்து ரிட்டயர் ஆனவர். மனைவி தவறிவிட்டார், பிள்ளைகள் கிடையாது. சொந்த ஊர்க் குளிர் முழங்காலுக்கு ஆகாது, மிச்சக் காலம் இந்த வெயிலிலேயே கழியட்டும் என்பது அவர் முடிவு. தமிழ் பேசுவார். ஒர்க்‌ஷாப் ஆட்களிடம் கற்றுக்கொண்ட தமிழ். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இன்னா மேஸ்திரி, மழைக்கு ஒழுவாதே?" என்றார். நான் கட்டிய வீட்டைப் பார்த்து அப்படிக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

அயல்நாட்டில் கடைசிக் காலத்தைக் கழிக்க வந்தவருக்கு என்னென்ன தெரியவேண்டுமோ அத்தனையும் நான் சொல்லிக்கொடுத்தேன். செருப்பை உதறிவிட்டுத்தான் மாட்டணும், தேள் இருக்கும். தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்கணும். உச்சி வெயிலில் வெளியே தலைகாட்டக் கூடாது. ஐப்பசிக்கு முன்னால் விறகை உள்ளே அடுக்கிவிடணும். போலீஸ் ஆபீஸில் காட்டவேண்டிய பேப்பரை நாள் தவறாமல் புதுப்பிக்கணும். திருட்டு பயம் இருக்கக் கூடாது என்று ஆள் உயரத்துக்குச் சுவர் எழுப்பி இரும்பு கேட்டும் போட்டுக் கொடுத்தேன். எதற்கும் யாரையும் எதிர்பார்க்காமல் இருந்துகொள்ளுங்கள் சார் என்றேன். நான் அப்படித்தான் முன்னுக்கு வந்தேன்.

ஆரம்பத்தில் நன்றாகத்தான் இருந்தார். சாயங்காலமானால் ஏரிக்கரை வரை நடப்பார். அவர் தமிழைக் கேட்டுச் சிரிப்பதற்கென்றே நாலு பேர் கூட நடப்பார்கள். படப்பை டீக்கடையில் உட்கார்ந்து, வெள்ளைக்காரனே என் வீட்டை விட்டுப் போகமாட்டேன் என்கிறான் என்று நான் சொல்லாத நாள் கிடையாது.

அதற்கப்புறம் எனக்கு வேலை நெருக்கடி. அந்தப் பக்கம் அதிகம் போகவில்லை. பொங்கல் கழிந்து, வெள்ளையடிக்க வேண்டுமா என்று கேட்கப் போனேன். கேட் உள்பக்கம் பூட்டியிருந்தது. ரொம்ப நேரம் தட்டியபின் திறந்தார். மெலிந்திருந்தார். கூடத்தில் டிரங்குப் பெட்டி கட்டி வைத்திருந்தது. ஊருக்கே போய்விடப் போவதாகச் சொன்னார்.

சுவரில் விரிசலா, தண்ணீர் உப்பா, வாடகை அதிகமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையை ஆட்டினார். ரொம்ப வற்புறுத்தின பிறகுதான் வாயைத் திறந்தார்.

ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. சமைத்துக்கொண்டிருந்தவருக்கு உப்பு தீர்ந்துவிட்டது. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கிறார். மாடு வைத்துப் பால் ஊற்றுகிற அம்மா வீடு. அந்த அம்மா இவரைப் பார்த்தாள், கையால் போ என்பதுபோல் காட்டினாள், ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விட்டாள். உப்பு ஜாடி அடுப்பு ஓரத்தில் இருந்ததை இவர் கண்ணாலேயே பார்த்தாராம்.

"நம்ம அவங்களுக்குப் புடிக்கல, மேஸ்திரி" என்றார். அன்றைக்குப் பூட்டிய கேட்தான். சாமானெல்லாம் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து மொத்தமாக வரும். ஏரிக்கரைக்கும் போவதில்லை.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. இத்தனை வருஷம் மெட்ராஸில் இருந்தவர்தான். ஆனால் கம்பெனி பங்களா, சமையல்காரன், தோட்டக்காரன். உப்பு கேட்டு ஒரு வாசலில் நிற்கவேண்டிய தேவையே அவருக்கு வந்ததில்லை. நானும் தேளைச் சொன்னேன், வெள்ளிக்கிழமையைச் சொல்லவில்லை.

நேரே அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயோ, அப்பதான் வெளக்கேத்திட்டு நிமுர்றேன். ஆடி வெள்ளி, வெளக்கு வச்ச வூட்லேர்ந்து உப்ப எடுத்து எவ குடுப்பா? 'இல்ல'ன்னும் வாயால சொல்லக்கூடாது. அதான் அப்பறமா வாங்கன்னு கைய காட்னேன். விடிஞ்சதும் எலைல மடிச்சி எடுத்துனு போனேன் மேஸ்திரி. கேட்டு பூட்டிக்கினு இருந்துது. உள்ள மோட்டார் ஓடற சத்தம். நாலு தபா கூப்ட்டேன். தொரைக்கு நம்ம மேல கோவம்னு வந்துட்டேன்."

இவர் உள்ளே, அவள் வெளியே. நடுவில் நான் எழுப்பிய சுவர். ஆடியிலிருந்து தை வரைக்கும்.

அவளை அப்போதே கூட்டிக்கொண்டு வந்தேன். பட்டப்பகலில் ஒரு படி உப்பைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்து, சொன்னதையே திரும்பவும் சொன்னாள். "எங்க வழக்கம் உங்களுக்கு இன்னா தெரியும், மனசுல வச்சிக்காதீங்க தொர" என்றாள். அவர் எழுந்து நின்று கும்பிட்டார். சிரிக்கவும் செய்தார். சரி, சிக்கல் தீர்ந்தது என்று நான் டிரங்குப் பெட்டியின் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"காரணம் புரிஞ்சிடுச்சி மேஸ்திரி. பயம் போவலயே. மார்கழில ஜொரம் வந்து நாலு நாள் படுத்துக்கினு இருந்தேன். செத்தா இங்க யாருக்குத் தெரியும்னு பார்த்துக்கினே இருந்தேன்."

கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தேன்.

அந்த வாரமே கிளம்பிவிட்டார். அங்கேயும் அவருக்கென்று காத்திருக்க யாரும் இல்லை என்பது எனக்குத் தெரியும். பஸ் ஏறும்போது அந்த அம்மா கொஞ்ச தூரம் தள்ளி நின்றாள். அவர் கடிதம் போடவில்லை. எனக்கும் அவர் படிக்கிற பாஷையில் எழுதத் தெரியாது.

இப்போது அந்த வீட்டில் நான் இருக்கிறேன். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளைகளில் ஒருவன் பம்பாயில், ஒருவன் துபாயில். அந்த அம்மாவும் மகனுக்கு வேலை கிடைத்து மறைமலை நகர் போய்விட்டாள். அவள் வீட்டில் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று குடியிருக்கிறது.

போன வருஷம் என் மச்சான் மலேசியாவில் மகளோடு தங்கிவிடப் போவதாக யோசனை கேட்டு வந்தார். தண்ணீர், மழை, பேப்பர் எல்லாம் உன் மகள் சொல்லுவாள், நீ போய் இறங்கின மறுநாள் காலையில் பக்கத்து வீட்டில் எதையாவது கேள், தரவில்லையென்றால் ஏன் என்று அதையும் கேள் என்று சொல்லியனுப்பினேன்.

அவருக்குச் சொல்லிவிட்டேன். ஆனால் வீட்டில் எல்லாமே வைத்திருக்கிற நான் பக்கத்து வாசலில் போய் நின்று என்ன கேட்பது என்பதுதான், இத்தனை கெட்டிக்காரனான எனக்கு இன்னும் பிடிபடவில்லை.